கண்ணுக்குத் தெரியாத கதிர்: எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாதிருப்பது?

(ஒரகடத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரகடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த பூமியில் இன்று காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் உற்பத்தியாகின்றன. அப்பன் ஏர் பிடித்தான்; மகன் ஷிப்டுக்குப் போகிறான். தொழில் மாறும்போது அபாயமும் மாறுகிறது. வரப்பில் கிடக்கும் பாம்பு கண்ணுக்குத் தெரியும். நான் இன்று பேச வந்திருப்பதோ கண்ணுக்குத் தெரியாத, வாசனை இல்லாத, படும்போது சுடாத ஒன்றைப் பற்றி. அதுதான் கதிர்வீச்சு.

நான் பத்தாவது வரை படித்தவன், விஞ்ஞானி அல்ல. படித்தும், விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதையே சொல்கிறேன்.

சென்ற வாரம் டீக்கடையில் ஒரு தோழர், "செல்போன் டவரால் புற்றுநோய் வருமாமே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்கும்போது அவர் கையில் பீடி புகைந்துகொண்டிருந்தது. கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. முந்தின நாள் முகமூடி இல்லாமல் வெல்டிங் வைத்தாராம்! அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல், மற்றதற்கு அஞ்சுகிறோம். இதை மாற்றத்தான் இந்தப் பேச்சு.

இரண்டு வகைக் கதிர்கள்

கதிர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, உடலில் உள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரானையே பிடுங்கும் சக்தி படைத்தது. எக்ஸ்ரே, காமாக் கதிர் முதலியவை இந்த வகை. செல்போன் அலையும் ரேடியோ அலையும் அப்படிச் செய்வதில்லை. அவற்றைப் பற்றி ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது, நடக்கட்டும். வெல்டிங் ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரோ கண்ணையும் தோலையும் பொசுக்கும். வெல்டிங் புகை, வெல்டிங்கின் புற ஊதாக் கதிர் ஆகிய இரண்டுமே புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017-ல் தீர்மானித்துவிட்டது. டவரைப் பார்த்துப் பயப்படும் தோழர் முதலில் முகமூடி கேட்டு வாங்க வேண்டும்.

பீடி, சிகரெட் சங்கதி என்ன? புகையிலையில் பொலோனியம் என்ற கதிரியக்கப் பொருள் இயற்கையாகவே கலந்திருக்கிறது. புகையோடு சேர்ந்து அது நுரையீரலில் படிகிறது. மற்ற விஷங்களோடு இதுவும் ஒன்று. காசு கொடுத்து வாங்கும் கதிர்வீச்சு அது!

மண்ணிலும் உண்டு, உடலிலும் உண்டு

கதிர்வீச்சு மனிதன் புதிதாகக் கண்டுபிடித்த பூதம் அல்ல. மண்ணிலிருந்து வருகிறது, வானத்திலிருந்து வருகிறது, நாம் தின்னும் வாழைப்பழத்தின் பொட்டாசியத்திலும் துளி இருக்கிறது. இதை மில்லிசீவெர்ட் என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். இயற்கையாக ஒரு மனிதனுக்கு ஆண்டொன்றுக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் கிடைக்கிறது என்று ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானக் குழு கணக்கிட்டது. அதில் ஏறக்குறைய பாதி, மண்ணிலிருந்து கிளம்பும் ரேடான் என்ற வாயுவால் வருவது. காற்றோட்டமுள்ள வீட்டில் அது அவ்வளவாகத் தங்காது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கலந்த மோனசைட் கிடைக்கிறது. கலியாணத்திலும் கூத்திலும் எரிந்ததே பெட்ரோமாக்ஸ், அதன் மேண்டிலில் தோய்த்தது தோரியம்தான். கேரளத்தில் கருநாகப்பள்ளி கடற்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே சுமார் 70,000 பேரைப் பல்லாண்டுகள் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆகவே கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதுமே நடுங்க வேண்டியதில்லை. எவ்வளவு, எத்தனை நேரம் என்பதே கேள்வி. அளவு ஏற ஏறப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் ஏறுகிறது. ஒரே சமயத்தில் மிக அதிகமாகப் பட்டாலோ சில நாளிலோ சில வாரத்திலோ வாந்தி, தோலில் கொப்புளம், முடி உதிர்தல், மரணம் வரை போகும்.

ஆஸ்பத்திரியில்

இங்கே என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நாற்று நடும் கூலி வேலை செய்துவந்த என் அக்கா விடாமல் இருமினார். டாக்டர் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். "அந்தக் கதிர் உடம்புக்குக் கெடுதல், கஷாயம் குடித்துப் பார்" என்று சொன்னவன் நான்தான். மூன்று மாதம் கழித்துப் படம் எடுத்தபோது காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாத மாத்திரையில் நோய் குணமாயிற்று. ஆனால் ஒரு பக்க நுரையீரல் போனது போனதுதான். இன்று ஒரு கட்டு நாற்றைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்க அவரால் முடியவில்லை.

ஒரு மார்பு எக்ஸ்ரேயில் கிடைப்பது 0.1 மில்லிசீவெர்ட்டுக்கும் குறைவு. இயற்கை நமக்குச் சில நாட்களில் கொடுப்பதுதான். அதற்குப் பயந்து என் அக்காவின் மூச்சை நான் பறித்தேன். நீங்கள் இந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

ஆனால் எல்லா ஸ்கேனும் ஒன்றல்ல. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் வயிற்று ஸ்கேன் வெறும் ஒலி அலை. அதில் கதிர்வீச்சே இல்லை. எம்.ஆர்.ஐ.யிலும் இல்லை. சி.டி. ஸ்கேனில் உண்டு: வயிற்றுக்கு ஒரு முறை எடுத்தால் சுமார் 8 முதல் 10 மில்லிசீவெர்ட். உயிர் காக்க வேண்டுமென்றால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் "இது அவசியமா, முன்பு எடுத்த படம் போதாதா?" என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் எக்ஸ்ரே அறைக்குள் போகுமுன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

தொழிற்சாலையில்

வார்ப்புக்குள் விரிசல் உண்டா, குழாயின் வெல்டிங் சரியா என்று பார்க்க, இரும்பையே படம் எடுக்கிறார்கள். எக்ஸ்ரே எந்திரத்தாலும் எடுப்பார்கள். இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளாலும் எடுப்பார்கள். கனத்த பெட்டிக்குள் இருக்கும் விரல்நுனியளவு துண்டைக் கம்பியால் வெளியே தள்ளி, படம் எடுத்து, மறுபடி உள்ளே இழுப்பார்கள். அது உள்ளே திரும்பாமல் வெளியில் நின்றுவிட்டால் ஆபத்து. டயர் போன்ற தொழில்களில் தகட்டின் கனத்தை அளக்கவும் கதிரியக்கக் கருவிகள் உண்டு.

ஓர் இளம் ஒப்பந்தத் தொழிலாளி என்னிடம் சொன்னார்: இரவு ஷிப்டில் ஒரு குழாயைச் சுற்றிக் கயிறு கட்டினார்களாம். "அந்தப் பக்கம் போகாதே" என்றார்களாம். ஏன் என்று சொல்லவில்லை. கயிற்றை ஒட்டி உட்கார்ந்து சோறு தின்றேன் என்றார். படம் எடுப்பவர் மார்பில் கதிர் அளக்கும் பேட்ஜ் இருந்தது. இவர் மார்பில் என்ன இருந்தது? வியர்வை மட்டும்தான்!

சட்டம் என்ன சொல்கிறது? கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஓராண்டிலும் 30-க்கு மேல் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மட்டுமே. பேட்ஜ் இல்லாமல் பக்கத்தில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி பொதுமக்கள் கணக்கில்தான் சேர்வார். அவரை அங்கே நிறுத்த எவருக்கும் உரிமை இல்லை.

மூன்று சொற்களை மனத்தில் வையுங்கள்: நேரம், தூரம், தடுப்பு. நேரத்தைக் குறை. தூரத்தைக் கூட்டு, இரண்டு மடங்கு விலகினால் நாலில் ஒரு பங்கு, பத்து மடங்கு விலகினால் நூறில் ஒரு பங்குதான் படும். நடுவில் கான்கிரீட்டோ ஈயமோ இருக்கட்டும்.

மாயாபுரி சொல்லும் பாடம்

2010-ம் ஆண்டு. டில்லிப் பல்கலைக்கழகத்தின் ரசாயன இலாகாவில் பல்லாண்டு உபயோகமின்றிக் கிடந்த கோபால்ட்-60 கருவி ஒன்று ஏலத்தில் பழைய இரும்பாகப் போயிற்று. மாயாபுரி காயலான் கடைத் தொழிலாளர்கள் அதை உடைத்தார்கள். ஒருவர் ஒரு துண்டைப் பர்ஸிலேயே வைத்துக்கொண்டார். பலர் உடல் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஒரு தொழிலாளி மாண்டார். படித்த மேதைகள் நிறைந்த இடம் அதைக் கைகழுவியது. எழுதப் படிக்க நேரமில்லாத ஏழை அதைக் கையால் பிரித்தான்.

அதற்கு முன், 2008-ல், பிரான்சில் லிப்ட் பொத்தான்களில் கதிரியக்கம் கண்டார்கள். இந்தியாவிலிருந்து போன பொத்தான் பாகங்களின் எஃகில் கோபால்ட்-60 கலந்திருந்தது. அவற்றைக் கையாண்ட சுமார் 20 பிரெஞ்சுத் தொழிலாளர்கள் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். இங்கே உருக்கிய பிழை அங்கே இன்னொரு தொழிலாளியின் கையில் பட்டது, பாருங்கள்!

ஆகவே பழைய இரும்பு பிரிக்கும் தோழர்களே! மஞ்சள் பலகையில் மூன்று இதழ் விரித்த விசிறிபோன்ற சின்னம் கண்டால், அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப்பெட்டி கண்டால், தொடாதீர்கள், உடைக்காதீர்கள். விலகி நின்று, மற்றவரையும் விலக்கி, போலீசுக்கும் தீயணைப்புப் படைக்கும் சொல்லுங்கள். மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும்.

கேட்டுப் பெற வேண்டியவை

அமெரிக்காவில் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் கடிகார முகப்பில் ரேடியச் சாயம் தீட்டிய பெண்களிடம், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார்கள். கெடுதல் இல்லை என்றார்கள். தாடை எலும்பு அழுகி அந்தப் பெண்களில் பலர் செத்தார்கள். நோயில் வாடிய நிலையிலும் ஐவர் வழக்காடி 1928-ல் நஷ்டஈடு பெற்றார்கள். கேட்டதனால் கிடைத்தது.

நாமும் கேட்போம். கதிர் உள்ள இடத்தில் தமிழிலும் இந்தியிலும் எச்சரிக்கைப் பலகை வேண்டும். வேலை செய்பவர் ஒவ்வொருவருக்கும், நிரந்தரமானாலும் ஒப்பந்தமானாலும், பேட்ஜ் வேண்டும். அது காட்டிய கணக்கை அவரிடமே சொல்ல வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவரை அந்த வேலையில் வைக்கக் கூடாது. கர்ப்பமான பெண் அதைச் சொன்னால் சம்பளம் குறையாமல் வேறு வேலை தர வேண்டும்.

தோழர்களே! நாளை ஷிப்டுக்குப் போகும்போது கயிறு கட்டிய இடம் கண்டால் நின்று, "இது எதற்கு?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், நாளைக்கே அழைத்துப்போய்ப் படம் எடுங்கள்.