விந்தியப் பாறைகளில் தொல்பாசி: கருத்தரங்கத் தலைமை உரை





கடற்பாசி புதைபடிவமாக எஞ்சுவது அபூர்வம். சுண்ணாம்பைத் தம் உடலிலே படியவைத்துக்கொள்ளும் பாசிகள் ஒருவாறு தப்பிவிடுகின்றன. பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் நினியூர்ப் படிவுகளிலிருந்து எல். ராம ராவும் யூலியஸ் பியாவும் 1936-இல் விவரித்தவை அந்த ஜாதியைச் சேர்ந்தவையே. மெல்லுடல் கொண்ட பாசியோ, அழுகல் தொடங்குமுன் பாஸ்பேட்டோ சிலிக்காவோ அதன் உயிரணுக்களுக்குள் புகுந்து உறைந்தாலன்றி, பாறையிலே வெறும் கரிக்கோடாகவே மிஞ்சும். மிச்சிகன் மாகாணத்து இரும்புப் பாறையில் ஹானும் ரனெகரும் 1992-இல் கண்டு அறிவித்த கிரிப்பேனியா என்னும் சுருள்நாடா அத்தகையது. 210 கோடி ஆண்டு என்று முதலில் மதித்து, பின்னர் சுமார் 187 கோடி என்று குறைத்த அந்தப் படிவத்தைப் பாசி என்பாரும் உண்டு, பாக்டீரியத் திரள் என்பாரும் உண்டு. உயிரணு அமைப்புப் புலப்படாதவரை அந்த வழக்குத் தீராது என்பது என் அபிப்பிராயம்.

உருவ ஒற்றுமையைவிட வளர்ச்சியின் கிரமமே உறுதியான சான்று. கனடாவின் வடகோடியில் சோமர்செட் தீவுப் பாறைகளிலிருந்து நிக்கோலஸ் பட்டர்ஃபீல்டு 2000-இல் விவரித்த பாங்கியோமார்ஃபாவை இதற்கு உத்தம உதாரணமாகக் கொள்ளலாம். அடியில் ஒரு பற்றுறுப்பால் தரையைப் பிடித்து நிமிர்ந்து நின்ற அந்தச் சின்னஞ்சிறு இழை, இளமையில் வில்லைகளை அடுக்கினாற்போன்ற ஒற்றை வரிசை உயிரணுக்களாக இருந்து, முதிர்ந்தபோது எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே அரிந்தால் தோன்றும் சுளைகளைப் போல ஒவ்வொரு வில்லையும் மையத்திலிருந்து பிளவுபட்டதைப் படிப்படியாகக் காட்டும் மாதிரிகள் ஒரே இடத்தில் கிடைத்திருக்கின்றன. இன்றைய பாங்கியா என்னும் சிவப்புப் பாசி வளர்வதும் அவ்விதமே. 120 கோடி ஆண்டு என்று முதலில் கருதிய அதன் வயதை 2018-ஆம் ஆண்டின் காலநிர்ணயம் ஏறத்தாழ 105 கோடியாகக் குறைத்தது; வயது குறைந்ததேயன்றி, அது சிவப்புப் பாசி என்ற தீர்ப்பு அசையவில்லை.

இனி நம் நாட்டு விவகாரம். சோன் பள்ளத்தாக்கில் விந்தியத் தொகுதியின் கீழ்ப்பகுதிப் பாறையில், கேம்பிரிய காலத்துச் சிறு ஓட்டுயிர்களைக் கண்டதாக 1998-இல் ராஃபட் அஸ்மி அறிவித்தார். அப்படியானால் அந்தப் பாறைக்கு வயது சுமார் 54 கோடி ஆண்டே ஆகவேண்டும். ஆனால் கீழ் விந்தியத்தின் எரிமலைச் சாம்பல் அடுக்குகளிலுள்ள சிர்க்கான் மணிகளோ 160 கோடிக்கு மேற்பட்ட பழமையைப் பறைசாற்றின. படிவமே பொய்யென்று ஒரு சாராரும், காலக்கணக்கே பிழையென்று மற்றொரு சாராரும் பல்லாண்டு வாதாடியபின், ஸ்டெஃபான் பெங்ட்சன் குழுவினர் 2009-இல் இரு தரப்பிலும் பாதி நியாயத்தை ஒப்புக்கொண்டார்கள்: படிவங்கள் மெய், பழமையும் மெய், கேம்பிரிய காலத்தவை என்ற கொள்கைதான் பொருந்தாது. சித்திரகூடத்தருகே திரோஹன் டோலமைட்டில் கிடைத்த படிவங்களைச் சிதைக்காமலே சிங்க்ரோட்ரான் எக்ஸ் கதிர்களால் அவற்றின் உட்புறத்தை ஆராய்ந்து, 2017-இல் ராஃபட்டாஸ்மியா, ராமதாலஸ் என்னும் இரண்டையும் சிவப்புப் பாசிகளாக இருக்கக்கூடுமென்று அவர்கள் வெளியிட்டார்கள். கொள்கை மறுக்கப்பட்டவரின் பெயரையே முதற்படிவம் தாங்கி நிற்பது, விஞ்ஞான உலகில் அடிக்கடி காணக் கிடைக்காத பெருந்தன்மை.

ராஃபட்டாஸ்மியாவின் குறுக்குச் சுவர்களில் சிவப்புப் பாசிகளுக்குரிய துளைகளைப் போன்ற அமைப்புத் தெரிகிறது. ராமதாலஸின் உயிரணுக்கள் வெளிப்புறம் நோக்கி விசிறிபோல் வரிசையிட்டுப் பரவுகின்றன. வலுவான குறிப்புகளே எனினும், பாங்கியோமார்ஃபா காட்டிய அந்த முழு வளர்ச்சிக் கிரமம் இங்கே இன்னும் பூரணமாக வெளிப்படவில்லையாதலால், இவற்றைச் சிவப்புப் பாசி என்று அறுதியிட நான் தயங்குகிறேன். அவை சிவப்புப் பாசிகளே என்றால், அவற்றுக்கும் பாங்கியோமார்ஃபாவுக்கும் இடையிலுள்ள ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளில் அந்த வமிசத்தின் ஐயமற்ற சுவடு ஒன்றேனும் ஏன் கிடைக்கவில்லை என்னும் கேள்விக்கும் விடை கூறியாகவேண்டும்.

காலக்கணக்கும் உருவச் சான்றும் இவ்வாறு ஒன்றையொன்று சார்ந்திருப்பதாலேயே, கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலில் காலநிர்ணயக் கட்டுரைகளையும் உருவவியற் கட்டுரைகளையும் தனித்தனி அமர்வுகளாகப் பிரிக்காமல் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து வைத்திருக்கிறோம். ஒரு துறையினர் பேசும்போது மற்றத் துறையினர் தேநீருக்கு எழுந்து போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, முதற்கட்டுரையை வாசிக்கும்படி அதன் ஆசிரியரை அழைக்கிறேன்.