அச்சுக்குள் ஒரு விரல் தடம்

நவராத்திரி வந்தால் ஓசூரில் தமிழ் வீட்டில் கொலு, தெலுங்கு வீட்டில் பொம்மல கொலுவு, கன்னட வீட்டில் கொம்பெ ஹப்ப. பெயர் மூன்றானாலும் படியேறும் மண்பொம்மை ஒன்றுதான். அதைப் பார்த்து, “அச்சில் போட்டு எடுப்பதுதானே, இதில் என்ன கைவினை?” என்று கேட்பவர்கள் உண்டு. சிப்காட் ஆலைகளில் டையும் அச்சும் தினசரிப் பிழைப்பாக இருக்கும் ஊரில் இந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆலை அச்சிலிருந்து வெளிவரும் பொருள் ஏறக்குறைய முடிந்த பொருள். பொம்மைக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. பண்ருட்டியிலோ மதுரை விளாச்சேரியிலோ, பிசைந்த களிமண்ணை முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளில் கட்டைவிரலால் அழுத்துகிறார்கள். ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தால் சூளையில் வெடித்துவிடும். அந்தக் கணக்கு விரலுக்குத்தான் தெரியும். பிறகு சேற்றுக்குழம்பு தடவி இரு பாதிகளையும் ஒட்டி, தையலை வழித்து, நிழலில் உலர்த்தி, சுட்டு, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டுகிறார்கள். ஒரே அச்சில் பிறந்த இரண்டு கிருஷ்ணர்களில் ஒருவர் குறும்பாகவும் மற்றவர் சோர்வாகவும் தெரிவது கண் எழுதிய கையால்.

ஜப்பானிலும் இதே கதைதான். கியோட்டோவின் ஃபுஷிமி மண்பொம்மைகளும் இரட்டை அச்சில் அழுத்தி, சுட்டு, சிப்பிப்பொடி வெள்ளை பூசி வண்ணம் தீட்டியவையே. அங்கே அவற்றை அச்சுப்பொம்மை என்று யாரும் ஒதுக்கவில்லை. நாட்டுப்புறக் கலையாகவே போற்றுகிறார்கள். மார்ச் 3ஆம் தேதி ஹினா திருநாளில் சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மைகளை அடுக்கும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு. ஜப்பானிய நுட்பத்தோடு 1984இல் இண்ட்-சுசுகி பைக்கைச் செய்த ஓசூருக்கு, அச்சுப்பொம்மையைக் கலையாகப் போற்றும் பார்வையையும் அந்த நாட்டிடமிருந்து எடுத்துக்கொள்வதில் கூச்சம் என்ன?

மண்பொம்மை கனம், லாரியில் உடையும், பிளாஸ்டர் பொம்மை மலிவு என்பார்கள். மூன்றும் உண்மை. காகிதக்கூழ் பொம்மைகள் பெருகியதற்கும் கனமே பெரிய காரணம். ஆனால் பிளாஸ்டர் என்பது கரைத்து ஊற்றி இறுகவிடுவது. விரலுக்கு அங்கே அதிக வேலையில்லை. விலை குறைவதும் அதனால்தான். ஆகவே இரண்டையும் ஒரே விலைக்குப் பேரம் பேசாதீர்கள். இந்த முறை கடையில் பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் உள்ள ஓட்டை வழியே பாருங்கள். உள்சுவரில் விரல் தடம் தெரிந்தால் கேட்ட விலையைக் கொடுங்கள்.