மலையேறிய நண்பர்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றால் நமக்கு முன் வாழ்ந்தவர்களை நினைப்பது வழக்கம். கோவிலுக்கு நிலம் கொடுத்தவர்கள், கல்லும் மண்ணும் சுமந்தவர்கள், மணி வாங்கித் தந்தவர்கள் என்று பலரையும் இந்த நாட்களில் நன்றியோடு நினைத்துச் செபித்து வருகிறோம். இன்று மாலை நாம் நினைக்கப்போகிறவரோ நம் ஊரைக் கண்டவரல்லர். நம் மொழியைக் கேட்டவரும் அல்லர். அவர் இறந்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் அவரை நண்பர் என்றே அழைக்க விரும்புகிறோம். புனிதர் என்று சொன்னால் உடனே கைகூப்பிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றுவிடுகிறோம். நண்பர் என்றாலோ அருகில் போய் உட்காருகிறோம். அவர் அருகில் உட்காரத் தக்கவர்.

அவர் பெயர் பியர் ஜோர்ஜோ பிரசாத்தி. இத்தாலி நாட்டில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள தூரின் நகரில் 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் பிறந்தார். அன்று பெரிய சனிக்கிழமை. தந்தை 'லா ஸ்தாம்பா' என்னும் பெரிய நாளிதழின் அதிபர், பின்னர் செனட்டர், 1920 முதல் 1922 வரை ஜெர்மனி நாட்டில் இத்தாலியத் தூதர். தாய் ஓவியம் தீட்டுபவர். வீட்டிலே செல்வம் இருந்தது, செல்வாக்கு இருந்தது. ஆனால் தந்தைக்கு இறைநம்பிக்கை இல்லை. தாய்க்கும் தந்தைக்கும் இடையே மனப்பொருத்தமும் இல்லை. அந்த வீட்டில் பியர் ஜோர்ஜோவும் அவருக்கு அடுத்தவளான தங்கை லூசியானாவும் வளர்ந்தார்கள்.

படிப்பில் அவர் கெட்டிக்காரர் என்று சொல்வதற்கில்லை. இலத்தீன் தேர்வில் தவறினார். பள்ளி மாற நேர்ந்தது. இயேசு சபைக் குருக்களின் பள்ளியில் சேர்ந்தபோதுதான் நாள்தோறும் நற்கருணை வாங்கும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது. 1918-இல் தூரின் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். எடுத்துக்கொண்ட பாடம் சுரங்கப் பொறியியல். ஏன்? தந்தையின் பத்திரிகையில் நாற்காலி காத்திருந்தது. அவரோ தொழிலாளர்களிலே மிகவும் கஷ்டப்படுகிறவர்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள்தாம் என்று கண்டு, அவர்களோடு சேர்ந்து உழைக்க விரும்பினார். இயல்பாக வராத படிப்பை முயன்று முயன்று படித்தார். தேர்வு நெருங்கும்போது மலைக்குப் போகாமல் மேசையில் உட்கார்ந்திருப்பது அவருக்கு எவ்வளவு பெரிய தவமாக இருந்திருக்கும் என்பதை மலைமேல் அவர் வைத்திருந்த ஆசையை அறிந்தவர்கள் உணர்வார்கள்.

மலைதான் அவருடைய காதல். இத்தாலிய மலையேற்றக் கழகத்தில் அவர் உறுப்பினர். பனிச்சறுக்கு, மிதிவண்டி, நீச்சல், படகு எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் மலையேற்றம். அவர் ஏறிய சிகரங்களில் மோன்விசோ 3,841 மீட்டர். கிரிவோலா 3,969 மீட்டர். நம் தென்னாட்டின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இன்றுள்ள வசதிகள் கிடையா. சணல் கயிறு, ஆணி அடித்த பூட்சு, கையிலே பனிக்கோடாரி, முதுகிலே மூட்டை. விடியுமுன்னே புறப்பட்டாக வேண்டும். வெயில் ஏறினால் பனி இளகும், கற்கள் உருளும். வேகமாக ஏறுகிறவன் பாதியிலே மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுவான். அடிமேல் அடி வைத்து, நிறுத்தாமல், மணிக்கணக்காக நடக்கிறவனே உச்சியைக் காண்பான். இன்னொன்றும் உண்டு. எல்லாரும் ஒரே கயிற்றில் கட்டுண்டு ஏறுகிறார்கள். ஒருவன் வழுக்கினால் மற்றவர்கள் தாங்க வேண்டும். ஆகவே கூட்டத்தில் எவன் மெலிந்தவனோ அவனுடைய நடையே அனைவருக்கும் நடை. இதை நம் பங்குப் பேரவை உறுப்பினர்கள் சற்று மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது!

1924-ஆம் ஆண்டு மே மாதத்தில் மலையேறும் தோழர் தோழியரைச் சேர்த்து ஒரு சிறு சங்கம் அமைத்தார். அதற்கு அவர்கள் வேடிக்கையாக இட்ட பெயரைத் தமிழில் சொன்னால் 'ஒரு மாதிரியான ஆட்கள்' என்று வரும். சிரிப்பும் பாட்டும் கேலியும் நிறைந்த கூட்டம். ஆனால் மலைக்குப் போவதானாலும் ஞாயிறு திருப்பலி தவறக்கூடாது. அதற்கேற்பவே பயணம் அமையும். பக்தி என்றால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வது என்று அவர்களில் யாரும் நினைக்கவில்லை.

மலையேறிய அந்தக் கால்கள் இன்னோர் இடத்திலும் ஏறின. தூரின் நகரத்து ஏழைகள் பலர் உயர்ந்த கட்டிடங்களின் உச்சியில், கூரைக்கு அடியிலுள்ள சிறு சிறு அறைகளில் குடியிருந்தார்கள். கோடையில் வெந்துபோகும், குளிரில் விறைத்துப்போகும் அறைகள். பியர் ஜோர்ஜோ 17 வயதிலேயே புனித வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தார். 1833-இல் பாரிஸ் நகரில் பிரடரிக் ஓசானாம் என்னும் 20 வயது மாணவரும் தோழர்களும் தொடங்கிய அதே சபை; நம் பங்கிலும் உள்ள அதே சபை. அரிசியும் ரொட்டியும் மருந்தும் சுமந்துகொண்டு அந்த மாடிப்படிகளில் ஏறுவார். கையிலிருந்த டிராம் காசைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு சேர ஓட்டமாக ஓடுவார். தந்தை கண்டிப்பானவர், தாமதித்தால் திட்டு விழும். பிள்ளை ஊர் சுற்றிவிட்டு வருகிறான் என்றே வீட்டில் எண்ணினார்கள். இரயிலில் மூன்றாம் வகுப்பில் போவார். மிச்சப்பட்ட காசு யாருக்குப் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. கோடையில் வசதியுள்ளவர்கள் நகரத்தை விட்டுக் குளிர்ந்த ஊர்களுக்குப் போய்விடும்போது, ஏழைகளைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று அவர் நகரத்தில் தங்கிவிடுவதும் உண்டு.

நீதிக்காக நிற்கவும் அவர் அஞ்சவில்லை. 1921-இல் ரோமாபுரியில் நடந்த கத்தோலிக்க இளைஞர் ஊர்வலத்தில், பிடுங்க வந்த காவலர்களிடமிருந்து கொடியைக் காக்க முயன்று கைதானார். 1924-இல் முசோலினியின் ஆட்கள் அவருடைய வீட்டுக்குள் புகுந்தபோது எதிர்த்து நின்று விரட்டினார். மலையில் வலுவடைந்த உடம்பு அங்கும் உதவிற்று.

1925-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் பாறையொன்றில் ஏறினார். அன்று எடுத்த படத்தின்மேல் 'உயரத்தை நோக்கி' என்று தம் கையால் எழுதினார். அதுவே கடைசி ஏற்றம். அம்மாத இறுதியில் தலைவலி, முதுகுவலி. அந்நேரம் வீட்டிலே பாட்டி சாகக் கிடந்தார். எல்லாருடைய கவனமும் அங்கே இருந்தது. இவரும் தம் வலியைப் பெரிதுபடுத்தவில்லை. ஜூலை முதல் நாள் பாட்டி இறந்தார். அதன்பிறகே, மகன் எழுந்து நிற்க முடியாமல் கிடக்கிறான் என்று வீட்டார் கண்டார்கள். இளம்பிள்ளை வாதம். போலியோ என்று நாம் சொல்லுகிறோமே, அதே நோய். ஏழைகளின் வீடுகளில் அவருக்கு அது தொற்றியிருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினார்கள். அதற்குத் தடுப்பூசி வர இன்னும் 30 ஆண்டுகள் இருந்தன. மலையேறிய கால்கள் முதலில் செயலிழந்தன.

ஜூலை 3 ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கமாக ஏழைகளைப் பார்க்கப் போகும் நாள். அன்று செயலிழந்துவரும் கையால், தட்டுத்தடுமாறிச் சபைத் தோழர் ஒருவருக்கு ஒரு சீட்டு எழுதினார். இன்ன நோயாளிக்கு இந்த ஊசி மருந்தைச் சேர்க்க வேண்டும். இன்னொருவர் அடகு வைத்த பொருளின் சீட்டைத் தம் கணக்கில் புதுப்பிக்க வேண்டும். அவ்வளவுதான். தம் நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறுநாள் மாலை 24-ஆம் வயதில் உயிர் நீத்தார். பொறியாளர் பட்டத்துக்குச் சில தேர்வுகளே மீதியிருந்தன.

அடக்கத்தன்று என்ன நடந்தது தெரியுமா? நகரத்துப் பெரியவர்கள் வருவார்கள் என்று குடும்பத்தார் எதிர்பார்த்தார்கள். வந்தார்கள். ஆனால் தெருவெங்கும் நிறைந்து நின்றவர்கள் ஏழைகள். இவர்கள் யார் என்று குடும்பத்தாருக்குத் தெரியவில்லை. தங்களுக்கு உதவிய அந்த இளைஞர் இவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளை என்று ஏழைகளில் பலருக்கும் தெரியவில்லை. ஒரே கூரையின்கீழ் 24 ஆண்டுகள் வாழ்ந்த மகனைத் தாம் அறியவில்லை என்பதைத் தந்தை அன்றுதான் உணர்ந்தார்.

1990-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அந்தத் திருத்தந்தையும் மலையிலும் பனிச்சறுக்கிலும் பிரியமுள்ளவர். நாங்கள் அப்போது குருமடத்தில் இளையவர்கள். செய்தி படித்தபோது அந்தப் படத்திலுள்ள பூட்சும் கயிறும் எங்களுக்கு வியப்பாயிருந்தன. சுரூபங்களில் லீலி மலரும் சிலுவையும் கண்டு பழகிய கண்கள் அல்லவா! 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்பர்களே, இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்குமுன், நாம் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, இளைஞர் சிலர் வந்தார்கள். அதிகாலையில் சேர்ந்து நெடுந்தூரம் ஓடப் பழகுகிறோம், பங்கின் பெயரில் ஒரு குழுவாக இருக்க அனுமதி கொடுங்கள் என்றார்கள். நாம் கேட்ட முதல் கேள்வி, அப்படியானால் பாடற்குழுவுக்கு யார் வருவது என்பதுதான். இரண்டாம் கேள்வியும் அதைப் போன்றதே. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்கள். ஆனால் ஓடுவதை நிறுத்தவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு விடியற்காலையில் அவர்களில் ஒருவன் அறைக் கதவைத் தட்டினான். ஏரிக்கரைக் குடிசையில் ஒரு பாட்டி மூன்று நாளாக எழ முடியாமல் கிடக்கிறார், நம் பங்கைச் சேர்ந்தவர்தான், உடனே வாருங்கள் என்றான். அந்த வழியாகத்தான் நாமும் வாரம் இருமுறை மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். நம் கண்ணில் படவில்லை. ஓடுகிறவன் கண்ணில் பட்டது. முனகல் அவன் காதில் விழுந்தது. அந்தப் பாட்டிக்கு நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, அந்தப் பையன்களிடம் நாம் சொல்லியிருக்க வேண்டிய சொல் ஒன்று தொண்டையில் நின்றது. இன்று இந்த மேடையில், அவர்கள் இல்லாத இடத்தில், அதைச் சொல்லுகிறோம்: தவறு எங்களுடையது, மன்னியுங்கள்.

இளைஞர்கள் கோவிலுக்கு வருவதில்லை என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். மைதானத்தின்மேல் பழி போடுகிறார்கள். மைதானம் பியர் ஜோர்ஜோவைக் கெடுக்கவில்லை. மலை அவருக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது, தன் மூட்டையைத் தானே சுமக்கக் கற்றுக்கொடுத்தது, கயிற்றின் மறுமுனையில் இருப்பவனை மறக்காதிருக்கக் கற்றுக்கொடுத்தது. கற்றதை அவர் மாடிப்படிகளில் செலவழித்தார். அவ்வளவே. பெற்றோரே, உங்கள் பிள்ளை எங்கே போகிறான் என்று கண்டிக்குமுன் ஒருநாள் அவனோடு கூடப் போய்ப் பாருங்கள். அடக்க நாளன்று பிள்ளையை அறிந்துகொள்வது மிகவும் தாமதம்.

இளைஞர்களே, நம் வின்சென்ட் தே பவுல் சபையில் இப்போது இருப்பவர்கள் பெரும்பாலும் முழங்கால் வலியுள்ள பெரியவர்கள். மனம் இருக்கிறது, கால் இல்லை. உங்களுக்கோ கால் இருக்கிறது. ஓடுங்கள், மிதிவண்டி மிதியுங்கள், மலை ஏறுங்கள். அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஆசீர் உண்டு. ஆனால் வாரத்தில் ஒரு நாள், ஓடி முடித்த களைப்போடே, அவர்கள் தரும் அரிசிப் பையை வாங்கிக்கொண்டு ஒரு வீட்டின் படி ஏறுங்கள். பொன்விழாவின் நினைவாகக் கல்வெட்டு ஒன்று வைக்கப் போகிறோம். அதைவிட, நம் பங்கில் ஒரு நோயாளியும் மூன்று நாள் தனியே கிடக்கவில்லை என்று சொல்ல முடிந்தால் அதுவே நல்ல நினைவுச் சின்னம்.

நம் நண்பர் புனித பியர் ஜோர்ஜோ நமக்காக வேண்டிக்கொள்வாராக. எல்லாம் வல்ல இறைவன் நம் கால்களுக்கு வலுவும் நம் கண்களுக்கு ஒளியும் தந்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.