கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம்

(ஆதரவாளர் கூடுகையில் நாங்கள் பேசியது)



பாம்பு கடித்தவரைக் கொண்டுவந்ததும் நாங்கள் செய்கிற ஒரு காரியம் உங்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். 2 மில்லி இரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிடுகிறோம். பிறகு ஒரு முறை சாய்த்துப் பார்க்கிறோம். கட்டியாக நின்றால் சற்று நிம்மதி. தண்ணீராய் ஓடினால், விரியனின் விஷம் வேலை செய்கிறது என்று கொள்கிறோம். உறவினர் அந்த 20 நிமிடமும் குழாயையே பார்த்து நிற்பார்கள்.

நம் இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கரைந்திருக்கிறது. காயம் பட்டதும் திராம்பின் என்ற நொதி அதை வெட்டுகிறது. வெட்டுப்பட்டவை ஒன்றோடொன்று ஒட்டி வலையாகின்றன. குடலில் உணவைச் செரிக்கும் டிரிப்சினும் திராம்பினும் ஒரே குடும்பம்தான். ஆனால் டிரிப்சினுக்கு ஆர்ஜினினோ லைசினோ கண்ணில் பட்டால் போதும், வெட்டிவிடும். ஃபைப்ரினோஜனில் அப்படிப்பட்ட இடங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. திராம்பின் வெட்டுவதோ நான்கே இடங்களில்!

1894-ல் எமில் ஃபிஷர் இதற்குப் பூட்டும் சாவியும் என்று உவமை சொன்னார். நல்ல உவமைதான், ஆனால் இங்கே போதாது. திராம்பினுக்கு வெட்டும் வாயைத் தவிர, சற்றுத் தள்ளி இன்னொரு பிடிமானமும் இருக்கிறது. ஃபைப்ரினோஜன் அதிலும் வந்து பொருந்த வேண்டும். ஆளையும் பார்த்து, ரேஷன் கார்டையும் பார்த்து அரிசி போடுகிற மாதிரி. ஐரோப்பிய மருத்துவ அட்டையின் உமிழ்நீரிலுள்ள ஹிருடின் இந்த இரண்டு இடங்களையுமே அடைத்துவிடுகிறது.

கண்ணாடி விரியனின் தந்திரம் வேறு. அதன் விஷத்திலுள்ள நொதிகள் 10-ஆம் காரணியையும் 5-ஆம் காரணியையும் இனங்கண்டு, சரியான இடத்தில் வெட்டித் தூண்டிவிடுகின்றன. அதாவது விஷம் இரத்தத்தை உறையத்தான் வைக்கிறது! லண்டனில் 1934-ல் மக்ஃபார்லேனும் பார்னெட்டும் இதே விஷத்தை நீர்த்து, ஹீமோஃபீலியா நோயாளிகளின் காயத்தில் வைத்து இரத்தப்போக்கை நிறுத்தினார்கள். கடிபட்டவருக்கோ இது உடலெங்கும் நடந்து, ஃபைப்ரினோஜன் கையிருப்பு தீர்ந்துபோகிறது. பிறகு ஈறிலும் ஊசி குத்திய இடத்திலும் கசிவு நிற்பதில்லை.

விஷமுறிவு மருந்து விஷத்தைத்தான் முடக்கும். ஃபைப்ரினோஜனைக் கல்லீரல் புதிதாகச் செய்தாக வேண்டும். ஆகவே 6 மணி நேரம் கழித்து மறுபடியும் அதே குழாய்ச் சோதனை.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஒரு இரவு கண்ணாடிக் குழாய் தீர்ந்து, கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் குழாயில் இரத்தத்தை வைத்தோம். உறையவில்லை. மருந்து ஏற்றத் தயாரானபோது, மூத்த நர்ஸ் அக்கா குழாயை நகத்தால் தட்டி, "டாக்டர், இது கண்ணாடி இல்லையே" என்றார். கண்ணாடியின் பரப்புதான் 12-ஆம் காரணியைத் தூண்டி உறைதலைத் தொடங்கிவைக்கிறது. பிளாஸ்டிக்கில் அது சரியாக நடக்காது. சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியையும் நம்ப முடியாது. பக்கத்து வார்டிலிருந்து புதுக் குழாய் வாங்கி வைத்தோம். நன்றாகவே உறைந்தது. தேவையில்லாமல் ஏற்றியிருந்தால் அந்த மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கியிருக்கலாம்.

இப்போது விஷமுறிவு மருந்து இருக்கும் ஃபிரிட்ஜின் மேலேயே புதுக் கண்ணாடிக் குழாய்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அதை எண்ணிப் பார்ப்பது இரவு நர்ஸின் வேலை.