ஆள்பவர் பெயரும் நிலத்தின் பெயரும்



இன்றைய பேச்சை நான் விட்ட ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன். இளமையில் சில காலம் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும் வேலை பார்த்தேன். நம்மவர்கள் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அபுதாபி பற்றிய ஒரு செய்தியில் ‘ஐக்கிய அரபு இராச்சியத்தின் மன்னர்’ என்று எழுதிவிட்டேன். சில நாட்களின் பின், ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நான் பதினொரு வருசம் அங்கை கிடந்து உழைச்சவன். அங்கை ராசா எண்டு ஒருத்தரும் இல்லை. ஏழு பேர் ஏழு இடத்தை ஆளுகினம். நீர் ஆருக்கு முடி சூட்டினனீர்?”

பதில் சொல்ல முடியவில்லை. ‘இராச்சியம்’ என்று எழுதிய கையோடு ‘மன்னர்’ என்ற சொல் தானாகவே பேனாவுக்கு வந்துவிட்டது. 1971இல் உருவான அந்தக் கூட்டாட்சியின் தலைவர் சனாதிபதி என்றே அழைக்கப்படுகிறார். அமீர் என்ற அரபுச் சொல்லுக்குக் கட்டளையிடுபவர் என்பது பொருள். அதே வேரில் பிறந்த ‘இமாரா’ என்பது அவருடைய ஆள்புலம். அது பலவாகும்போது ‘இமாராத்’. தமிழகத்தார் ‘அமீரகம்’ என்று ஆக்கிக்கொண்டனர். நமது பத்திரிகைகளிலோ ‘இராச்சியம்’ என்பதே வழக்கமாயிற்று.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். ஆள்பவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பஹ்ரேய்னின் அமீர் 2002இல் தம்மை மன்னராக அறிவித்தார். அன்றே அந்த நாடும் இராச்சியம் எனப் பெயர் பெற்றது. தீவு அதே தீவு. ஆண்டவரும் அதே ஆள்தான். ஓமான் சுல்தானின் நாடு. மொனாக்கோ இளவரசரின் நாடு. லக்சம்பேர்க் ஒரு பெருங்கோமகனின் நாடு. எல்லாவற்றையும் ‘இராச்சியம்’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடினால், யார் எந்த உரிமையில் ஆளுகிறார் என்பது வாசகனுக்குத் தெரியாமற் போய்விடும்.

இத்தகைய வேறுபாடுகள் தமிழுக்குப் புதியன அல்ல. பேரரசு, சிற்றரசு, குறுநிலம், பாளையம், சமஸ்தானம், ஜமீன், வன்னிமை என்று நம்மிடம் சொற்கள் நிறையவே உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வகை ஆட்சியாளர் இருக்கிறார்.

1803ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் பாளையக்காரரின் போர்கள் அடக்கப்பட்டபின், இராமநாதபுரம் அந்த ஆண்டில் ஜமீனாக்கப்பட்டது. பல பாளையங்களுக்கும் அக்காலத்தில் அதே கதிதான். பாளையக்காரருக்குக் கோட்டையும் படையும் இருந்தன; ஊர்க்காவலும் வழக்குத் தீர்ப்பும் அவர் கையில் இருந்தன. ஜமீன்தாருக்கு எஞ்சியது, நிலவரி தண்டி அதில் ஒரு குறித்த தொகையைக் கும்பனியாருக்குக் கட்டும் வேலை. அரண்மனையும் பட்டமும் அப்படியே இருந்தன. சொல் மாறியதைக் கவனித்தவனுக்கே அதிகாரம் போனது விளங்கும்.

அதே 1803இல் கடலுக்கு இப்பால், முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டார வன்னியன் கற்சிலைமடுவில் பிரித்தானியப் படையிடம் தோல்வியுற்றான். யாழ்ப்பாண அரசருக்கும், பின்னர் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுத்தாலும், தங்கள் காட்டைத் தாங்களே ஆண்டவர்கள் வன்னியர்கள். அவர்களுடைய நிலத்துக்கு ‘அடங்காப்பற்று’ என்றும் ஒரு பெயர் உண்டு. வன்னிமை என்ற ஆட்சி போய்விட்டது. வன்னி என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று வன்னிக்குப் போகிறேன் என்று பஸ் ஏறுபவர் எவரும் அரசியல் பேசுவதாக நினைப்பதில்லை. ஆனாலும் ஒரு பழைய ஆட்சியின் பெயரையே அவர் சொல்கிறார். வடமராட்சி, தென்மராட்சி என்னும் பெயர்களின் கடைசியிலும் ‘ஆட்சி’ ஒளிந்திருக்கிறது. மறவர் ஆட்சி என்று அதைப் பிரித்துக் காட்டுவோரும் உளர்.

இது பழங்கதை மட்டுமன்று. 1963இல் கிராமத் தலைமைக்காரர் முறை ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர்கள் நியமிக்கப்பட்டனர். பின்னர் அவர்கள் கிராம அலுவலர் ஆயினர். என் அம்மா கண்மூடும்வரை அவரை ‘விதானையார்’ என்றே சொன்னார். 1995இல் வலிகாமத்திலிருந்து நாங்கள் இடம்பெயர்ந்தபோது, நிவாரணப் பதிவுக்காக ஒரு பாடசாலை மண்டபத்தில் வரிசையில் நின்றோம். “அம்மா, உங்கடை ஜே இலக்கம் என்ன?” என்று கேட்டார் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை. அம்மாவுக்கு இலக்கம் தெரியாது. “எங்கடை விதானையார் பிரிவு எண்டால் எல்லாருக்கும் தெரியும் மோனை” என்றார். அந்தப் பிள்ளைக்கு அது தெரியவில்லை. இலக்கம் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்கும்வரை, பிறந்து வாழ்ந்த ஊர் இருந்தும் எங்களுக்குப் பதிவில்லை. நிலத்தை ஆள்வோர் அதை எந்தச் சொல்லால் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது அரிசிக்கும் பருப்புக்கும் உரிய விடயம் என்பதை அன்று கண்டேன்.

கடைசியாக ஒரு சொல்: குடியரசு. பழந்தமிழில் கோ வேறு, குடி வேறு. கோ ஆள்வான், குடி இறை கொடுக்கும். ஆளப்பட்டவரின் பெயரையே ஆட்சியின் பெயராக்கிய சொல் இது. 1972 மே 22ஆம் திகதி இலங்கை குடியரசாயிற்று. 1978இல் அதற்கு முன்னால் சனநாயகமும் சோசலிசமும் சேர்ந்துகொண்டன. அமீரகத்தில் அமீரும் வன்னிமையில் வன்னியரும் இருப்பதுபோல, குடியரசு என்ற சொல்லுக்குள் நீங்களும் நானும் இருக்கவேண்டும்.

சொல் அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பெரியவர் பஸ்ஸில் என்னைக் கேட்ட கேள்வியை இந்தச் சொல்லுக்கு முன்னாலும் வைத்துப் பார்க்கலாம்: நாம் ஆருக்கு முடி சூட்டியிருக்கிறோம்?