முகாம் முடிந்த மறுநாள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நகரின் நலவாழ்வில் தொண்டர்களின் பங்கு" என்று செயலாளர் எனக்குத் தலைப்புக் கொடுத்தார். "சார், நான் மெக்கானிக்கல். டாக்டர் இல்லையே" என்றேன். "அதனாலதான்பா உன்னைக் கூப்பிடறோம். டாக்டர் பேசினா பாதிப் பேர் பயந்து எழுந்து போயிடுவாங்க" என்றார். ஆகவே பயப்படாமல் உட்காருங்கள். சாப்பாட்டு வாசனை எனக்கும் வருகிறது, சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நான் வேலை பார்ப்பது அம்பத்தூர் தொழிற்பேட்டையில். குடியிருப்பது ஆவடியில். 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டை ஒரு பக்கம், 1960-களிலேயே டாங்கி செய்யத் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை இன்னொரு பக்கம். பூந்தமல்லி வரை நம் மேற்குப் புறநகர் முழுக்க உழைக்கிற ஜனங்களின் ஊர். 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-ல் ஆவடியே தனி மாநகராட்சி ஆனது. பெயர்ப்பலகைகள் மாறின, ஷிப்ட் மாறவில்லை.

பொறியாளர்கள் நிறைந்த சபை இது. எந்தத் தொழிற்சாலையிலும் இரண்டு வகைப் பராமரிப்பு உண்டு. இயந்திரம் நின்றபின் ஓடுவது பிரேக்டவுன் மெயின்டெனன்ஸ். நிற்காமல் இருக்க நாள்தோறும் எண்ணெய் பார்த்து, சூடு பார்த்து, லாக் புக்கில் எழுதிவைப்பது பிரிவென்டிவ் மெயின்டெனன்ஸ். முன்னதில் பெயர் கிடைக்கும். பின்னதில் யாரும் கை தட்ட மாட்டார்கள். ஆனால் ஆலை ஓடுவது பின்னதால்தான். உடம்புக்கும் இதேதான் என்பது என் கட்சி.

2020-ல் தமிழ்நாட்டில் நடந்த 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பு ஒரு செய்தி சொன்னது. பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 34 பேருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. சரி, அது பெரிய ஆச்சரியமில்லை. அடுத்த எண்ணைக் கேளுங்கள். அப்படி ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில், அது கட்டுக்குள் இருப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 7 பேர். சர்க்கரை நோயில் சுமார் 11 பேர். ஒரு தொழிற்சாலையில் நூறு கம்ப்ரெஸர் பழுது என்று கண்டுபிடித்து, ஏழை மட்டும் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போனால் பிளான்ட் மேனேஜர் நம்மை விடுவாரா?

மாத்திரை இல்லாமலா இந்த நிலை? இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். அப்படியானால் எங்கே அறுந்துபோகிறது? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். அவர் ஃபிட்டர், ஐம்பது வயது இருக்கும், பேட்டையில் கான்ட்ராக்ட் வேலை. ஒரு நாள் காலையில் வலது கையும் காலும் வராமல் போயிற்று. பக்கவாதம். பார்க்கப் போனபோது அவர் சம்சாரம் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து காட்டினார்கள். உள்ளே மூன்று சீட்டு. மூன்று வெவ்வேறு அமைப்புகள், மூன்று வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திய இலவச முகாம்களின் சீட்டு. 170/110, 168/104, 180/110. மூன்றிலும் கீழே ஒரே வரி: "மருத்துவரை அணுகவும்."

அந்த அம்மா கேட்டார்கள்: "மூணு தடவையும் எழுதிக் கொடுத்தாங்க தம்பி. ஒருத்தராச்சும் வந்து, போனியான்னு கேட்டிருக்கலாம் இல்ல?"

அணுக அவருக்கு நேரமில்லை. புறநோயாளிச் சீட்டுக் கொடுக்கும் நேரமும் அவருடைய ஷிப்ட் நேரமும் ஒன்று. போனால் அரை நாள் கூலி போகும். உடம்பிலோ வலி இல்லை. வலிக்காத நோய்க்குக் கூலியை யார் விடுவார்கள்? முகாம்காரர்கள் யாரும் தப்பு செய்யவில்லை. நோயைக் கண்டுபிடித்தார்கள், அது நல்ல காரியம். ஆனால் கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலை. மறுநாளிலிருந்து இருக்கிற வேலைக்கு ஆள் இல்லை.

இந்தப் பாடத்தை உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தது நம்ம சென்னைதான் என்றால் நம்புவீர்களா? 1950-களில் டி.பி. என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். தாம்பரம் பக்கம் ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. நோயாளிகள் ஏராளம், படுக்கைகள் கொஞ்சம். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு மையம் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் ஒரு பிரிவை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1959-ல் வெளிவந்தது. நெருக்கமான வீடு, குறைந்த சாப்பாடு. இருந்தும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை.

கட்டிலைவிட மருந்து முக்கியம் என்று அன்று புரிந்தது. ஆனால் அந்த மருந்து உள்ளே போவதை உறுதி செய்ய அவர்கள் பட்ட பாடு நமக்கு முக்கியம். சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அதாவது, திரும்பத் திரும்பப் போனார்கள்.

இன்றும் சாதாரண டி.பி.க்குச் சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் மூன்று மருந்து. சில வாரங்களிலேயே இருமல் குறைந்து, பசி எடுத்து, ஆள் தெளிந்துவிடுவார். ஆபத்தே அங்கேதான். "சரியாயிடுச்சு" என்று நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மறுபடி தலையெடுக்கும். மருந்துக்கும் அடங்காததாக மாறவும் கூடும்.

பட்டரவாக்கத்தில் ஆறு பேர் தங்கும் ஓர் அறையில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் இருந்தான். மூன்றாவது மாதம் வீட்டில் ஏதோ விசேஷம் என்று ஊருக்குக் கிளம்பிவிட்டான். எங்கள் குழுவில் ஹிந்தி தெரிந்தவர் ஒரே ஒருவர், நம் கல்லூரிதான். அவர் தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு அவனுக்குப் போன் செய்தார். இங்குள்ள காசநோய்ப் பிரிவில் சொல்லி, அவன் பதிவை 'நிக்ஷய்' இணையதளம் மூலம் அவனுடைய ஊருக்கே மாற்ற வைத்தார். ஆறு மாதத்தையும் முடித்துவிட்டுத்தான் அவன் திரும்பி வந்தான். மொத்தச் செலவு, போன் பில்.

தொண்டு ஜெயித்த இடங்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் இந்தத் திரும்பப் போகிற குணம் இருக்கும். 1995 டிசம்பரில் நாடு முழுவதும் போலியோ சொட்டு மருந்து முதல் சுற்று நடந்தது. ரோட்டரி அன்பர்களும் மாணவர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் ஆண்டுதோறும் தெருத்தெருவாகப் போனார்கள். விடுபட்ட குழந்தைக்காக மறுபடி கதவைத் தட்டினார்கள். இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லை என்ற சான்று. சென்னையில் 1986-ல் டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் தொடங்கிய 'ஸ்நேகா'வும் அப்படித்தான். தற்கொலை எண்ணத்தோடு போன் செய்பவரிடம் பொறுமையாகப் பேசுவதற்குப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் முறைவைத்து உட்காருகிறார்கள். 2021 ஆகஸ்டில் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுய உதவிக் குழுப் பெண்கள் வீட்டுக்கே போய் பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2024-ல் அதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது.

அந்த அக்காமார்கள் வீட்டுக்கு வரும் நேரத்தில் நம்ம ஃபிட்டர் ஷிப்டில் இருப்பார். அந்த இடைவெளியில்தான் நாங்கள் பதினான்கு பேர் வேலை செய்கிறோம். ஆளுக்கு ஐந்து பேர். மாதம் ஒரு ஞாயிறு நேரில், மற்ற வாரங்களில் போனில். நாங்கள் மருந்து கொடுப்பதில்லை. டோஸ் மாற்றச் சொல்வதுமில்லை. அது டாக்டர் வேலை. எங்கள் வேலை கேட்பது, எழுதுவது, தேவைப்பட்டால் கூடப் போவது. பி.பி. பார்க்க ஒழுங்கு உண்டு: ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும், அரை மணிக்குள் காபியோ பீடியோ கூடாது, இரண்டு முறை பார்க்க வேண்டும். மீட்டரை ஆண்டுக்கு ஒரு முறை காலிப்ரேட் செய்கிறோம். அதைப் பொறியாளனுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

நடைப்பயிற்சியும் அப்படித்தான். 2019-ல் சீரமைத்துத் திறந்த பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் போய்ப் பாருங்கள். தனியாக வந்தவர் மூன்றாம் வாரம் நின்றுவிடுவார். "என்னண்ணே, நேத்து காணோம்?" என்று கேட்க ஆள் இருப்பவர் நிற்பதில்லை.

இப்போது நம் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சந்திப்பை ஒட்டி மருத்துவ முகாம் நடத்துகிறோம். நடத்துங்கள்; நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அன்று அளவு கூடுதலாக வரும் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும், அவர் சம்மதத்தோடு, நம்மில் ஒருவர் பெயரை எழுதுவோம். ஓராண்டுக்கு அந்த ஒருவர் பொறுப்பு. அடுத்த சந்திப்பில் எத்தனை பேருக்குப் பார்த்தோம் என்று அறிக்கை வாசிக்க வேண்டாம்; எத்தனை பேருக்குக் கட்டுக்குள் வந்தது என்று வாசிப்போம். எண் சிறியதாக இருக்கும். இருக்கட்டும், உண்மையாக இருக்கும்.

தம்பி தங்கைகளே, நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டில் உங்களுக்கு 240 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் வாரத்துக்கு இரண்டேகால் மணி. ஒரு சினிமா நேரம்கூட இல்லை. அதில் ஐந்து பேருடைய லாக் புக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகும் வழியில் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள்.