அறுபத்தாறு பேர் விட்டுச் சென்ற பாடம்

(பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ந் தேதி தீயணைப்பு நிலையங்களில் மாண்ட வீரர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். ஏன் அந்தத் தேதி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1944-ம் ஆண்டு அதே தேதியில், பம்பாய் விக்டோரியா துறையில் ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ என்ற கப்பல் நின்றது. அதில் சுமார் 1,400 டன் வெடிமருந்து. கூடவே பஞ்சுப் பேல்கள்! யுத்த அவசரமாம், இரண்டையும் ஒன்றாக அடைத்துவிட்டார்கள். அபாயச் சரக்கு என்று காட்டும் சிவப்புக் கொடிகூட ஏற்றவில்லை. (சிவப்புக் கொடி என்றாலே அவர்களுக்கு ஆகாது போலும்.)

மதியத்துக்குமேல் பஞ்சில் தீ கண்டது. தீயணைப்புத் தோழர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். தீ அடங்கவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பேல் மேலே நனைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் என்பது பேல் சுமந்த தோளுக்குத் தெரியும். கப்பலை மூழ்கடிப்பதா, வெளியே இழுப்பதா என்று அதிகாரிகள் ஆளுக்கொன்று பேசினார்கள். 4 மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. அரை மணியில் மறுபடியும் வெடித்தது. தீயணைப்புப் படையினர் 66 பேர் மாண்டனர். துறைமுகத் தொழிலாளர்களும் ஏழை மக்களும் நூற்றுக்கணக்கில் மாண்டனர்.

துணிவு குறைந்து அவர்கள் சாகவில்லை. தெரிந்தவன் சொல் உரிய நேரத்தில் ஏறவில்லை.

தீயணைப்பு நிலையத்தில் தினமும் டிரில் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு ஒரு வேலை. பிறகு எண்ணை மாற்றிக் கொடுப்பார்கள். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் அந்த வேலையை எடுக்கவேண்டுமல்லவா? புகையில் தரையோடு தவழ்வதை மூத்தவர் இளையவருக்குச் செய்து காட்டுகிறார். அதிகாரிகளுக்கு 1956-ல் தொடங்கிய கல்லூரியே நாகபுரியில் இருக்கிறது.

நமக்கு? தீ விபத்தில் தப்பும் வழி தொழிலாளிக்குத் தெரிந்திருக்கவேண்டும், பயிற்சியும் வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 38-வது பிரிவு சொன்னது. நாம் பார்த்த ஓர் ஆலையிலோ மணல் வாளியில் வெற்றிலை எச்சில், பின்கதவில் பூட்டு!

கிராமத்துத் தோழர்களிடமும் வித்தை உண்டு. ஒரு கூரை எரிந்தால், காற்று போகும் திசையில் அடுத்த கூரையைப் பிய்த்துத் தீயை மறிக்கப் பெரியவர்கள் அறிவார்கள். ஆனால் சேரிக்குத் தீயணைப்பு வண்டி நுழையப் பாதை எங்கே?

வருகிற ஏப்ரல் 14-ல் ஆலைவாசலுக்குத் தீயணைப்பு நிலையத்தாரை அழைக்கிறோம். புளோரூமில் வேலைசெய்து ஓய்வுபெற்ற தோழர்களும் பேசுவார்கள். பூட்டுச் சாவியையும் சேரிப் பாதையையும் கேட்கும் மனு இதோ மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்திட வாருங்கள்.